கூடத்துக் கதவுக்கு வெளியே நிற்கும் பெற்றோர்: ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சி பற்றி ஒரு கேள்வி

குடந்தைத் தகப்பன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு எட்டு வயது முடிந்து நான்கு மாதம் ஆகிறது. கும்பகோணத்துக்கு வெளியே, முன்பு நெல் மூட்டை அடுக்கிவைத்திருந்த ஒரு கிடங்கை வாடகைக்கு எடுத்து நடத்தப்படும் ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்புக்குக் கடந்த ஆனி மாதம் முதல் போய்க்கொண்டிருக்கிறாள். வாரத்தில் நான்கு மாலை, ஒவ்வொரு மாலையும் இரண்டு மணி நேரம். அவள் விருப்பப்பட்டே போகிறாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் கட்டில், திண்ணை, மாடிப்படிக் கைப்பிடி என்று எதையும் அவள் விட்டுவைப்பதில்லை.

மூன்று வாரங்களுக்கு முன் கூடத்தின் கதவில், பயிற்சி நேரத்தில் பெற்றோர் உள்ளே வரக்கூடாது என்று ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. அதுவரை சுவரோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். காரணம் கேட்டதற்கு, நாங்கள் இருந்தால் பிள்ளைகள் எங்கள் முகத்தையே பார்க்கிறார்கள், தம்மைப் பார்ப்பதில்லை என்று பயிற்றுநர் சொன்னார். அந்தப் பதில் எனக்கு நியாயமாகவே பட்டது. ஆனால் போன வெள்ளிக்கிழமை இரவு, தொடையின் பின்புறம் வலிக்கிறது என்று மகள் சொன்னாள். இரண்டு காலையும் எதிரெதிராக நீட்டித் தரையில் ஸ்ப்ளிட் உட்காரும்போது இடுப்பு தரையைத் தொடவில்லை என்று அவர் இரண்டு தோளையும் பிடித்து அழுத்தினாராம். அழுதால் இன்னும் பத்து எண்ணிக்கை கூடும் என்றாராம். இதை அவள் புகாராகச் சொல்லவில்லை, பள்ளியில் நடந்த செய்தியைச் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள் என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

எனக்கு இந்த விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. இப்படி அழுத்துவது வழக்கமா? கதவைச் சாத்துவது முறையா? நான் போய்க் கேட்டால் அவர் மகளை ஒதுக்கிவிடுவாரோ என்ற பயமும் இருக்கிறது. நான் விசாரித்தவரை எங்கள் பக்கத்தில் வேறு வகுப்பு இல்லை; தஞ்சாவூருக்கு அனுப்பினால் பேருந்திலேயே போகவர மூன்று மணி நேரம் போய்விடும்.

மன்னார்குடி, ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் எழுதியது:

ஐயா, முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில், முதலில் பயிற்றுநர் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். சுவரோரம் உட்கார்ந்திருக்கும் பெற்றோர் பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. பிள்ளை தலைகீழாக நிற்கும் அந்த நொடியில், காலை நீட்டு என்று ஒரு தாய் குரல் கொடுப்பார்; பிள்ளை அம்மாவைப் பார்க்கத் தலையைத் திருப்பும்; தலை திரும்பினால் தோள் திரும்பும்; அவ்வளவுதான், விழுந்துவிடும். ஆகவே பெற்றோரைத் தள்ளி வைக்க நினைப்பதை நான் குற்றம் சொல்லமாட்டேன். தள்ளி வைப்பது வேறு, கண்ணை மறைப்பது வேறு.

எங்கள் காலத்தில் மறைப்பதற்குக் கதவே கிடையாது. பள்ளிக் கொட்டகையில் தாண்டிக் குதிக்க ஒரு மர வால்டிங் பெட்டி, தேங்காய் நார் அடைத்த இரண்டு மெத்தை, அவ்வளவே சொத்து. மெத்தை மழையில் நனைந்தால் கல் போல ஆகிவிடும் என்பதால், அறுவடை முடிந்த மாதங்களில் களத்து வைக்கோற்போரின் பக்கமே பிள்ளைகளை அழைத்துப் போய்விடுவேன். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் மதகுக் கட்டையிலிருந்து அந்தர்பல்டி அடிக்காத பையன் எந்த ஊரில் இருந்தான்? நம் பிள்ளைகளுக்குப் பயமில்லை என்பது உண்மை. பயமில்லாத பிள்ளைக்குப் பயிற்றுநர்தான் பயப்பட வேண்டும் என்பதை நான் ஒரு மாணவனின் மணிக்கட்டு முறிந்த பிறகே கற்றுக்கொண்டேன். அந்தத் தவறு என்னுடையது. அவன் களைத்துப்போயிருந்ததைப் பார்த்தும், இன்னொரு முறை என்று சொன்னவன் நான்தான்.

உங்கள் மகளின் தோளை அழுத்திய செய்தியைப் பற்றி, இன்றும் கூடத்தில் நிற்பவர்கள் சொல்வதே பொருத்தம்.

தஞ்சைப் பயிற்றுநர் எழுதியது:

சகோதரர் கேட்டதற்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன். நான் எட்டு வயதில் இந்த விளையாட்டுக்கு வந்து, பல்கலைக்கழகப் போட்டிகள் வரை ஆடி, இப்போது பதினான்கு ஆண்டுகளாகச் சிறுமிகளுக்குக் கற்றுத் தருகிறேன்.

எங்கள் தொழிலில் கை படாமல் கற்றுத்தர முடியாது. இதைப் பெற்றோர் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பின்புறமாகத் துள்ளிக் கையூன்றி எழும் பேக் ஹேண்ட்ஸ்ப்ரிங்கைக் கற்பிக்கும்போது நான் பிள்ளையின் பக்கவாட்டில் முழங்காலிட்டு, ஒரு கையை இடுப்புக்குச் சற்று மேலே முதுகிலும், மற்றொரு கையைத் தொடையின் பின்புறத்திலும் வைப்பேன். அந்த இரண்டு கையும் இல்லாவிட்டால் பிள்ளை தலையில் விழும். இதை ஸ்பாட்டிங் என்கிறோம். அதன் அடையாளம், கை எங்கே வரப்போகிறது என்பது பிள்ளைக்கு முன்பே தெரிந்திருக்கும், அசைவு முடிந்ததும் கை விலகிவிடும் என்பதே. பிள்ளை விழாமலிருக்கத் தாங்குவதற்குத்தான் அந்தக் கை. பிள்ளையின் உடல் போக மறுக்கும் இடத்துக்கு அதைத் தள்ளுவதற்காக ஒரு கை வருமானால் அதற்கு ஸ்பாட்டிங் என்று பெயரில்லை.

தோளை அழுத்தி ஸ்ப்ளிட்டில் இறக்குவது இரண்டாவது வகை. வழக்கமா என்று கேட்டால், ஆம், வழக்கம்தான்; எனக்கும் செய்தார்கள். ஒரு பக்கம் காலைச் சுவரில் சாத்தி, தோழியை என் முதுகில் உட்கார வைத்தது இன்றும் நினைவிருக்கிறது. சரியா என்று கேட்டால், இல்லை. வலுவில் இழுக்கப்படும் தசை தன்னைக் காத்துக்கொள்ள இறுகத்தான் செய்யும். அதன்மேல் எடையை ஏற்றினால் தொடையின் பின்தசை இடுப்பெலும்போடு சேரும் இடத்தில்தான் பாரம் போய் விழும். வளரும் பிள்ளைக்கு அந்த இடத்தில் எலும்பு இன்னும் முழுதாக இறுகியிருக்காது. நான் இப்போது பிள்ளைகளை மெத்தைத் துண்டுகளின்மேல் கையூன்றி, தாமாகவே இறங்கச் சொல்கிறேன். வாரத்துக்கு வாரம் ஒரு துண்டை எடுத்துவிடுவேன். இரண்டு மாதம் கூடுதலாகும். ஆனால் அப்படிக் கிடைக்கும் ஸ்ப்ளிட்டைத் துள்ளலிலும் பயன்படுத்த முடியும். அழுத்தி வாங்கிய ஸ்ப்ளிட் தரையில் மட்டுமே நிற்கும், காற்றில் கால் விரியாது.

‘அழுதால் பத்து எண்ணிக்கை’ என்பது இதைவிடக் கவலைப்பட வேண்டியது. வலிக்கிறது என்று சொல்வதற்குத் தண்டனை உண்டு என்று ஒரு பிள்ளை கற்றுக்கொண்டால், நாளை பீம் என்ற ஒடுங்கிய கட்டையில் நிற்கும்போது கணுக்கால் வலித்தாலும் சொல்லாது. பீம் பத்து சென்டிமீட்டர் அகலம், போட்டி உயரம் 1.25 மீட்டர். அங்கே சொல்லாமல் விட்ட வலி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

பட்டுக்கோட்டையான் எழுதியது:

எல்லோரும் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, நான் மறுபக்கத்தைச் சொல்கிறேன். என் மகனுக்குப் பதினொரு வயது. கஜா புயலில் எங்கள் தென்னந்தோப்பு முழுதும் சாய்ந்த வருடம் அவன் கைக்குழந்தையைப் போலத் தோளில் இருந்தவன். இன்று கையில் நடக்கிறான். இவ்வளவு மென்மையாகப் பேசினால் இந்தியாவுக்கு ஜிம்னாஸ்டிக்ஸில் பதக்கம் எங்கிருந்து வரும்? திரிபுராவில், அகர்தலாவில், ஒழுங்கான சாதனம்கூட இல்லாத கூடத்திலிருந்து தீபா கர்மாகர் ஒலிம்பிக் இறுதிச்சுற்று வரை போனார். ஆறு வயதில் வந்தபோது அவருக்குத் தட்டைப் பாதம் இருந்தது என்றும், அதை விடாப்பிடியான பயிற்சியால் சரிசெய்தார்கள் என்றும் அனைவரும் படித்திருப்போம். அதெல்லாம் வலிக்காமலா நடந்திருக்கும்? பரதநாட்டியத்தில் அரைமண்டி உட்கார வைப்பதும் வலிதான். குருவின் கையில் ஒப்படைத்த பிறகு நடுவில் போய் நிற்பது சரியில்லை.

தஞ்சைப் பயிற்றுநர் எழுதியது:

தீபாவை நீங்களே குறிப்பிட்டது நல்லது. 2016 ரியோ ஒலிம்பிக்கில், ஓடிவந்து சாதனத்தில் கையூன்றித் தாண்டும் வால்ட் பிரிவின் இறுதிச்சுற்றில் அவர் பெற்றது 15.066, வெண்கலம் பெற்ற சுவிட்சர்லாந்து வீராங்கனை பெற்றது 15.216. 0.15 புள்ளியில் பதக்கம் போயிற்று. அவர் அடித்த ப்ரொடுனோவா, கையூன்றி எழுந்து காற்றில் முன்புறமாக இரண்டு முறை உருண்டு தரையிறங்கும் வால்ட்; தவறினால் கழுத்துக்கே ஆபத்து என்பதால் உலகில் மிகச் சிலரே அதைத் தொட்டார்கள். அவருடைய பயிற்றுநர் விஸ்வேஸ்வர் நந்தி அதே ஆண்டு பயிற்றுநர்களுக்கான துரோணாச்சாரியார் விருது பெற்றார்.

இந்தக் கதையிலிருந்து நீங்கள் எடுப்பது கடுமை. நான் எடுப்பது காலம். ஆறு வயதில் வந்த பிள்ளை ரியோ இறுதிச்சுற்றில் நின்றபோது வயது இருபத்துமூன்று. நடுவில் கழிந்தவை பதினேழு ஆண்டுகள். பிறகு முழங்கால் தசைநார் அறுந்து அறுவைச் சிகிச்சை, தடைசெய்யப்பட்ட மருந்து தொடர்பாக 21 மாதத் தடை, இவற்றையெல்லாம் தாண்டி 2024 மே மாதம் தாஷ்கண்டில் ஆசியப் போட்டியில் வால்ட் தங்கம் வென்று, அதே ஆண்டு அக்டோபரில் ஓய்வு பெற்றார். முப்பது வயதில் தங்கம். எட்டு வயதில் ஒரு மாதத்துக்குள் ஸ்ப்ளிட் இறங்கியே ஆகவேண்டும் என்று அவசரப்படுவதற்கு இதில் எந்தச் சான்றும் இல்லை.

உலகத்தைப் பார்த்தாலும் அப்படித்தான். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ருமேனியாவின் நாடியா கோமனேச்சி முழுப் பத்துப் புள்ளி வாங்கியபோது அவருக்கு வயது பதினான்கு. அன்று முதல் பல பயிற்றுநர்கள், சிறிய உடலே வெற்றி பெறும் உடல் என்று முடிவுகட்டி, பிள்ளைகளின் சாப்பாட்டுத் தட்டு வரை கை நீட்டினார்கள். பிறகு பெரிய சர்வதேசப் போட்டிகளில் பெண்கள் ஆடுவதற்கான குறைந்தபட்ச வயதை 1981-இல் பதினைந்தாகவும், 1997-இல் பதினாறாகவும் உயர்த்தினார்கள். 2024 பாரிஸில் அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ், எல்லாச் சாதனங்களையும் சேர்த்த ஒட்டுமொத்தப் போட்டியில் தங்கம் வென்றது இருபத்தேழு வயதில். உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிட்டினா டோக்கியோவில் ஆடியது நாற்பத்தாறு வயதில். அது அவருக்கு எட்டாவது ஒலிம்பிக். கதவில் அறிவிப்பு ஒட்டும் பயிற்றுநர்கள் எல்லோரும் சுசோவிட்டினாவின் படத்தைத் தங்கள் சுவரில் மாட்டிவைத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

திருவாரூர், இயன்முறை மருத்துவர் எழுதியது:

வலியைப் பற்றிப் பேசுவதால் இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்கிறேன். எலும்பு நீளமாக வளரும் இடம் ஒரு மெல்லிய குருத்தெலும்புத் தட்டு. வளரும் வயதில் அந்தத் தட்டு, பக்கத்திலிருக்கும் தசைநாரைவிடப் பலவீனமானது. பெரியவருக்குச் சுளுக்காகப் போகும் அடி, பிள்ளைக்கு அந்தத் தட்டில் போய் இறங்கும். ஜிம்னாஸ்டிக்ஸில் மனிதன் கையாலும் நடப்பதால், பிள்ளையின் மணிக்கட்டில் ஆரை எலும்பின் முனை திரும்பத் திரும்ப நசுங்கி வலிப்பது இந்த விளையாட்டுக்கே உரிய தொல்லை.

இரண்டாவது, முதுகு. கையும் காலும் ஊன்றி முதுகை வில்லாக வளைக்கும் பிரிட்ஜ் போடுவது, பின்புறம் வளைவது ஆகியவற்றை நாளொன்றுக்குப் பல டஜன் தடவை செய்யும் பிள்ளைக்கு, இடுப்பு முள்ளெலும்பின் பின்வளைவில் நுண்ணிய முறிவு வரலாம். தொடக்கத்தில் இது சாதாரணத் தசைவலியைப் போலவே இருக்கும். ஒற்றைக் காலில் நின்று பின்னால் வளையச் சொன்னால் ஒரு பக்கத்தில் சுருக்கென்று குத்தும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் முதுகுவலியை, எண்ணெய் தேய்த்தால் போய்விடும் என்று விட்டுவிடாதீர்கள். நேரத்தில் கண்டுபிடித்து வளைப்பதை நிறுத்திவைத்தால் பெரும்பாலும் ஆறிவிடக்கூடியதுதான். குடந்தைச் சகோதரரே, மகளுக்குத் தொடையில் வீக்கமோ கன்றிய நிறமோ இருந்தால், அல்லது அவள் நடையில் சாய்வு தெரிந்தால், ஸ்ப்ளிட்டை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வகுப்பில் எடை பார்த்துப் பிள்ளையின் எதிரே எண்ணைச் சொல்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். மாலை நான்கு மணிக்குப் பள்ளி விட்டு வந்து, ஒன்றும் சாப்பிடாமல் ஆறு மணி வரை துள்ளும் பிள்ளைகள் எங்களிடம் வருகிறார்கள். செலவாகும் சக்திக்கு ஏற்ற உணவு இல்லாத உடல், எலும்பைக் கட்டுவதையும் பூப்படைவதையும்தான் முதலில் தள்ளிப்போடும். ஒரு வாழைப்பழமும் ஒரு பிடி வேர்க்கடலையும் பையில் இருக்கட்டும்.

நாகைக்காரர், இப்போது பர்மிங்காமில், எழுதியது:

வேதாரண்யத்துக்கு அருகே பிறந்து இங்கே வந்து குடியேறியவன். என் இரண்டாவது மகள் இந்த ஊரிலிருக்கும் ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் கழகத்துக்குப் போகிறாள். நீங்கள் பேசுவதை இந்த நாடு ஒரு முறை பெரிய விலை கொடுத்துப் பேசி முடித்ததால், எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

2020-இல் பல நாடுகளின் முன்னாள் வீராங்கனைகள் தங்கள் பயிற்சி அனுபவங்களை வெளியே சொல்லத் தொடங்கினார்கள். பிரிட்டனில் வழக்கறிஞர் ஆன் வைட் தலைமையில் ஒரு விசாரணை நியமிக்கப்பட்டு, 2022 ஜூன் மாதம் அறிக்கை வந்தது. நானூறுக்கும் மேற்பட்டோர் எழுதியிருந்தனர். பாதிக்கும் மேற்பட்டவை மனத்தைப் புண்படுத்திய நடத்தையைச் சொன்னவை. தண்ணீர் குடிக்கவும் கழிப்பறைக்குப் போகவும் அனுமதி மறுத்தது, காயத்தோடு ஆட வைத்தது, எடையைச் சொல்லிக் கேலி செய்தது, வலியில் கதறக் கதறக் காலை விரித்து அழுத்தியது என்று அதில் வருவன எல்லாம் குடந்தை நண்பர் எழுதியதைப் படித்தபோது நினைவுக்கு வந்தன. அதன்பின் இங்கே பயிற்றுநர்கள் பிள்ளைகளின் எடையைப் பார்க்கக் கூடாது என்றே விதி வந்துவிட்டது. ஒவ்வொரு கழகத்திலும் பிள்ளைகள் நலனுக்கென்று ஓர் அலுவலர் இருப்பார். அவருடைய பெயரும் எண்ணும் சுவரில் இருக்கும். பயிற்றுநரைப் பற்றிப் பயிற்றுநரிடமே போய்ப் புகார் செய்யும் நிலை யாருக்கும் வரக்கூடாது என்பதே இதன் நோக்கம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பெற்றோர் உள்ளே உட்கார்ந்துவிட்டால் எல்லாம் சரி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசர், சில சிறுமிகளைப் பெற்றோர் அதே அறையில் இருந்தபோதே, அவர்கள் பார்வையைத் தன் உடலால் மறைத்துக்கொண்டு சீரழித்தவன். 2018 ஜனவரியில் நீதிமன்றத்தில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் எழுந்து நின்று வாக்குமூலம் தந்த பிறகு, 40 முதல் 175 ஆண்டுகள் வரையிலான சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவனைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் பிள்ளைகள் சொல்லியும், கேட்டவர்கள் அவனுடைய பெயருக்கும் பதவிக்கும் மரியாதை கொடுத்துத் தட்டிக்கழித்தார்கள். அதன் பிறகு அந்த நாட்டில் வந்த விதி, பெரியவர் ஒருவரும் பிள்ளை ஒருவரும் தனியாக இருக்கும் எந்தச் சந்திப்பும் பிறர் பார்க்கக்கூடியதாகவும், பிறர் இடையில் புகுந்து நிறுத்தக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்பதாகும். இதில் இரண்டாவது சொல் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சும்மா எழுந்து வருவதால் என்ன பயன்?

மயிலாடுதுறை, நாட்டிய ஆசிரியை எழுதியது:

பட்டுக்கோட்டை அண்ணன் அரைமண்டியைச் சாட்சிக்கு அழைத்ததால் வந்தேன். என் குருநாதர் தாளம் தட்டும் தட்டுக்கழியை என் முழங்காலுக்குக் கீழே நீட்டி, இதைத் தொடும் வரை இறங்கு என்பார். ஒரு நாளும் என் தோளில் கை வைத்து இறக்கியதில்லை. அவர் வீட்டுத் திண்ணையில்தான் வகுப்பு. தெருவில் போகிற தயிர்க்காரி முதல் கோயிலுக்குப் போகும் பாட்டி வரை அத்தனை பேரும் பார்த்துக்கொண்டுதான் போவார்கள். குருவிடம் ஒப்படைப்பது என்றால் கதவைச் சாத்துவது என்று பொருள் கொண்டது எந்தக் காலத்திலிருந்து என்று எனக்குப் புரியவில்லை.

பட்டுக்கோட்டையான் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், அம்மா. ஆனால் கேள்வி கேட்கும் பிள்ளை களத்தில் நிற்குமா என்பதே என் சந்தேகம்.

மன்னார்குடி, ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் எழுதியது:

நிற்கும், தம்பி. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் பெண்கள் ஒட்டுமொத்த இறுதிச்சுற்றில் வால்ட் சாதனத்தை ஐந்து சென்டிமீட்டர் குறைவான உயரத்தில் பொருத்திவிட்டார்கள். 125 இருக்க வேண்டியது 120 ஆக இருந்தது. உலகின் தலைசிறந்த வீராங்கனைகள் ஒருவர்பின் ஒருவராக ஓடிவந்து, கையூன்றும் இடம் தவறி விழுந்தார்கள். ரஷ்யாவின் ஸ்வெட்லானா கோர்கினாவும் அவர்களில் ஒருவர். நடுவர்கள், அலுவலர்கள், பயிற்றுநர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். விழுந்தவர் தம்மையே நொந்துகொண்டார். கடைசியில் ஆஸ்திரேலியாவின் அலானா ஸ்லேட்டர்தான், உயரம் சரியில்லை போலிருக்கிறதே என்று சந்தேகப்பட்டுச் சொன்னவர். அளந்து பார்த்தால் அவர் சொன்னது உண்மை. முன்பு ஆடியவர்களுக்கு மறுபடி ஆட வாய்ப்புக் கொடுத்தார்கள். ஆனால் கோர்கினா அதற்குள் மனம் கலங்கி அடுத்த சாதனமான, தொங்கி ஆடும் கம்பிகள் கொண்ட பார்ஸிலும் விழுந்துவிட்டார். களத்தில் நின்றவர்களில் கேள்வி கேட்ட ஒரு பெண்ணால்தான் மற்றவர்களின் கழுத்து தப்பியது என்று நான் என் மாணவர்களுக்குச் சொல்லாத ஆண்டு இல்லை.

நாகப்பட்டினம், வழக்கறிஞர் எழுதியது:

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தோளை அழுத்திய செய்தி, இப்போதைக்கு நேரில் பேசித் தீர்க்க வேண்டியதாகவே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பொதுவாக எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டியவை உண்டு. பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதைக் கொடுமைப்படுத்தினால் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு பாயும்; அதற்குப் பள்ளி என்ற பலகை தேவையில்லை, கிடங்கில் நடக்கும் வகுப்புக்கும் அது பொருந்தும். பாலியல் தொடர்பான எதுவாக இருந்தாலும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் வரும். நம்பிக்கைக்குரிய பதவியில் இருப்பவர் செய்தால் தண்டனை கூடும் என்பதோடு, அறிந்தவர் சொல்லாமல் மறைத்தாலும் குற்றமே. குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098-இல் எந்த நேரமும் அழைக்கலாம்.

வெளியூர்ப் போட்டிகளுக்கு அனுப்பும்போது கூடுதலாகக் கவனியுங்கள். 2022-இல் வெளிநாட்டுப் பயிற்சி முகாமில் ஒரு சைக்கிள் வீராங்கனைக்கு நேர்ந்ததற்குப் பிறகு, பெண்கள் இருக்கும் அணியோடு பெண் பயிற்றுநர் ஒருவர் கட்டாயம் போக வேண்டும் என்று இந்திய விளையாட்டு ஆணையம் அறிவுறுத்தியது. 2025 ஆகஸ்டில் நிறைவேறிய தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டமும் விளையாட்டுச் சம்மேளனங்கள் பாதுகாப்புக் கொள்கையும் குறைதீர்க்கும் ஏற்பாடும் வைத்திருக்க வேண்டும் என்கிறது. டெல்லியில் இயற்றிய சட்டம் குடந்தைக் கிடங்கின் கதவு வரை வந்துசேரக் காலம் பிடிக்கும். அதுவரை, வேனில் யார் வருகிறார், அறையில் யார் தங்குகிறார் என்று கேட்பது பெற்றோரின் வேலைதான்.

குடந்தைத் தகப்பன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை வகுப்பு முடிந்த பிறகு, மகளை வண்டியில் உட்காரவைத்துவிட்டுப் பயிற்றுநரைத் தனியாகச் சந்தித்தேன். மனைவியும் வந்தாள், சொல்லப்போனால் பாதிப் பேச்சு அவளுடையதே. தஞ்சைச் சகோதரி எழுதிய மெத்தைத் துண்டு முறையைப் பற்றிக் கேட்டோம். குற்றம் சாட்டுவது போல இல்லாமல், தெரிந்துகொள்ளக் கேட்பது போலவே கேட்டோம்.

முதலில் அவர் முகம் இறுகியது. எத்தனையோ பிள்ளைகளை இப்படித்தான் இறக்கியிருக்கிறேன் என்றார். பிறகு சற்று நேரம் பேசாமல் மெத்தையை மடித்துக்கொண்டிருந்தார். தாம் பாட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தில் ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்புக்குப் போனபோது இந்த முறையைக் காட்டினார்கள் என்றும், ஊருக்குத் திரும்பியபின் முப்பது பிள்ளைகளுக்குத் தாம் ஒருவரே என்று ஆனதும் பழைய வழக்கத்துக்கே கை போய்விட்டது என்றும் அவராகவே சொன்னார். அழுதால் எண்ணிக்கை கூடும் என்று சொன்னதற்கு மட்டும் அவர் எந்தக் காரணமும் சொல்லவில்லை. இனிச் சொல்லமாட்டேன் என்றார். அதை நான் முழுதாக நம்புகிறேனா என்று கேட்டால், மகளைக் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கதவைப் பற்றி அவர் பிடிவாதமாகவே இருந்தார். கடைசியில் ஒத்துக்கொண்டது இவ்வளவுதான்: தெருப்பக்கத்துச் சன்னலுக்கு வெளியே பெஞ்சைப் போட்டுக்கொள்ளலாம், சன்னல் திறந்தே இருக்கும், யாரும் குரல் கொடுக்கக் கூடாது. முதல் தளத்தில் தையல் கடை வைத்திருக்கும் அம்மாள் ஒருவர் நாள்தோறும் கூடத்தில் இருக்கவும் சம்மதித்திருக்கிறார். அவருடைய பேத்தியும் அங்கேதான் படிக்கிறாள். பெண் உதவிப் பயிற்றுநர் கிடைத்தால் சம்பளத்தில் பாதியைப் பெற்றோர் பகிர்ந்துகொள்வது பற்றி இன்னும் பேசி முடிக்கவில்லை. சிலர் இப்போதே முகம் சுளிக்கிறார்கள்.

நாங்கள் கிளம்பும்போது அவர் ஒன்று கேட்டார். தரை சிமென்ட் என்பதால், பீமுக்குக் கீழே போட்டிருக்கும் இரண்டு மெத்தைகளுக்கு நடுவில் நான்கு விரல் இடைவெளி விழுகிறது, அதை அடைக்க வழி தெரியுமா என்று. எனக்குத் தெரியாது. இங்கே யாருக்காவது தெரியுமா? கட்டில் மெத்தை விற்கும் கடையில் பஞ்சுத் துண்டு வாங்கித் திணிக்கலாமா என்று யோசித்தோம்.

தஞ்சைப் பயிற்றுநர் எழுதியது:

கட்டில் பஞ்சு வேண்டவே வேண்டாம். அது மிருதுவாக இருப்பதால் கால் நேராகத் தரை வரை இறங்கிவிடும், கணுக்கால் மடங்கும். இரண்டு மெத்தைகளையும் நெருக்கி, ஓரங்களில் அகலமான வெல்க்ரோ பட்டையைத் தைத்து ஒட்டிவிடுங்கள்; நீங்கள் சொன்ன தையல் கடை அம்மாளே ஒரு மணி நேரத்தில் முடித்துக்கொடுப்பார். அதன்மேல் குறுக்காக ஒரே துண்டாக இன்னொரு மெத்தை வர வேண்டும். போட்டிகளில் தரையிறங்கும் மெத்தை இருபது சென்டிமீட்டர் தடிமன்; உங்களிடம் இருப்பது எவ்வளவு என்று அளந்து எழுதுங்கள், எது போதும் எது போதாது என்று சொல்கிறேன். அதுவரை பீமைக் கழற்றித் தரையோடு தரையாக வைத்து நடக்கச் சொல்லுங்கள்.

குடந்தைத் தகப்பன் எழுதியது:

இன்று காலை போய் அளந்தேன். ஒன்று பத்து சென்டிமீட்டர், மற்றொன்று எட்டு. பீமைத் தரைக்கு இறக்கிவிட்டார்.